குளிர்காற்று குடிக்கும் கஞ்சில்: ரந்தாவிலிருந்து ஸ்ரீ மெனாந்தி வரை

நேயர்களே, நெகிரி செம்பிலானுக்கு நீங்கள் பலமுறை வந்திருப்பீர்கள். போர்ட்டிக்சன் கடற்கரையில் பிள்ளைகளைக் குளிக்கவிட்டுக் கரையில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலம் பிரித்திருப்பீர்கள். ஆனால் சிரம்பானில் இறங்கி, மம்பாவ் தாண்டி ரந்தாவ் பக்கம் போகும் பாதையில் ஒருநாள் நிதானமாகப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரம் என்னோடு வாருங்கள். பால்மரக் காடு செம்பனைக் காடாகி, செம்பனைக் காடு வீடமைப்புப் பகுதியாகிக்கொண்டிருக்கும் மண் அது. அங்கே ஒரு பழைய காரின் மூச்சுக்குழாயைச் சீர்செய்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் அக்காள் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, ஒரு நடை வந்துட்டுப் போ. உன் மருமகன் காடியைப் பிரிச்சுப் போட்டுட்டு ரெண்டு வாரமா குழாய் அறுத்துக்கிட்டு இருக்கான். நான் சொன்னா காதுல ஏறலை. தாய்மாமன் நீ வந்து வித்துடுன்னு சொன்னா கேப்பான்" என்றார்.

அக்காள் பயப்படுவதில் நியாயம் உண்டு. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழை மாலையில் மோட்டார் சைக்கிளில் வேலை முடிந்து வந்த அத்தான் வீடு வந்து சேரவில்லை. அன்றிலிருந்து சக்கரம் வைத்த எதுவும் அக்காளுக்குப் பகைதான். ஆகவே நானும் நீதிபதியைப் போல முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரயில் பாதையோரத்துத் தோட்டங்கள்

கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் ஏறினால் காஜாங், பாங்கி, பாத்தாங் பெனார், நீலாய், லாபு, தீரோய் என்று ஒவ்வொன்றாக வந்து கடைசியில் சிரம்பான். ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே தோட்டங்கள்தாம் நினைவுக்கு வரும். விடிவதற்கு முன் பிரட்டுக்கு நிற்கும் வரிசை, தண்டலின் குரல், கூரையிலிருந்து புகை கசியும் ரப்பர் ஸ்டோர் எல்லாம் இந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் இருந்தன. இன்று சன்னல் வழியே பார்த்தால் செம்பனை வரிசைகளுக்கு நடுவே புதிய கூரைகள் எழுந்து நிற்கின்றன.

இந்தப் பகுதிக்கு மேற்கே, மாநில எல்லையைத் தாண்டிய சிப்பாங்கில், 1998-ல் விமான நிலையமும் 1999-ல் பந்தயத் திடலும் திறக்கப்பட்டன. செம்பனை நின்ற மண்ணில் 1999 முதல் 2017 வரை 19 முறை உலகப் பந்தயக் கார்கள் சீறின. கடைசி நான்கு ஆண்டுகளில், அதாவது 2014 முதல், அங்கே ஓடியவை 1.6 லிட்டர் டர்போ இஞ்சின்கள். சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஓசையைக் காதில் வாங்கிக்கொண்டு வளர்ந்தார்களோ! என் மருமகனும் அவர்களில் ஒருவன்தான்.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ரயில் பாதை போட்டது 1891-ல். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவே அது முதலில் வந்தது. பிறகு ரப்பரும் அதில் போயிற்று. ஆக, இயந்திரம் என்பது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. அந்த இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே நம் மக்கள் நான்கு தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். ஆனாலும் "நான் இதைக் கற்றவன்" என்று சொல்லிக்கொள்ளக் கையில் ஒரு தாள் இல்லாமலே அவர்களில் பலருடைய காலம் போய்விட்டது.

சருகுமானின் இரண்டாவது இதயம்

அக்காள் வீடு தோட்டத்தை ஒட்டி எழுந்த மலிவு விலை வீடு. முப்பத்தொரு ஆண்டு பால் வெட்டிய கைக்கு ஆண்டவன் கொடுத்தது அது. வாசல் தகரக் கொட்டகையில் கார் நின்றிருந்தது. பெரொடுவா கஞ்சில். கஞ்சில் என்றால் மலாய் மொழியில் சருகுமான். 1994-ல் அது வெளிவந்தபோது நம் தோட்டங்களில் பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். பிரசவ வலிக்கும் அதுதான் ஓடியது. பத்துமலைத் தைப்பூசத்துக்கும் அதுதான் ஓடியது.

மருமகன் வைத்திருப்பது வெறும் கஞ்சில் அல்ல. கஞ்சிலுக்குத் தாய் ஜப்பானின் டைஹாட்சு மீரா. அங்கே சிறிய கார்களுக்கு 660 சி.சி.க்கு மேல் இஞ்சின் கூடாது என்பது 1990 முதல் உள்ள விதி. அந்தச் சின்ன இஞ்சினுக்கே டர்போ பூட்டி 64 குதிரைச் சக்தி வரை இழுக்க வைத்தார்கள். நம் கஞ்சிலின் சாதாரண 660 இஞ்சினோ முப்பது குதிரையை ஒட்டியது. ஆகவே மீராவின் பழைய டர்போ இஞ்சினை எடுத்துக் கஞ்சிலில் வைப்பது இந்த நாட்டு இளைஞர்களுக்கு நெடுநாள் ஆசை. மருமகனுக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர் அப்படி மாற்றி, சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனுமதி பெற்று, பதிவுப் புத்தகத்திலும் ஏற்றியிருந்தார். முதல் வேலையாக அந்தப் பத்திரத்தைத்தான் வாங்கிப் பார்த்தேன். இரண்டாவதாகப் பிரேக்கைப் பார்த்தேன். சக்தி இரண்டு மடங்கானால் நிறுத்தும் பலமும் கூட வேண்டுமல்லவா? பெரிய தட்டுப் பிரேக் மாற்றியிருந்தான். என் முகத்தின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"மாமா, சாயங்காலம் நல்லா இழுக்குது. மத்தியானம் மேட்டுல ஏறினா மூச்சு முட்டுது. உள்ளே டக் டக்குனு தட்டுது" என்றான்.

மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. கம்பெனி வைத்த காற்றுப் பெட்டியை யாரோ கழற்றி எறிந்துவிட்டு, காளான் வடிவத்தில் ஒரு திறந்த வடிகட்டியை மாட்டியிருந்தார்கள். அதுவும் எங்கே? கொதிக்கும் டர்போவுக்கு ஒரு முழம் தள்ளி. ஓசை நன்றாக வரும். "ஊஷ்" என்று உறிஞ்சும் சத்தம் கேட்கும். ஆனால் அது உறிஞ்சுவது இஞ்சினின் சொந்த வெக்கையை. ரப்பர் ஸ்டோரில் புகை போடும் அறைக்குள் ஒருவனை நிறுத்தி வைத்து "ஓடு, மூச்சு வாங்கு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் காரின் நிலையும் அதுவேதான்.

காற்றுக்கும் எடை உண்டு

நான் முப்பது ஆண்டு லாரிப் பட்டறையில் கை கறுத்தவன். தெரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

இஞ்சின் பெட்ரோலைக் குடிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அதிகமாகக் குடிப்பது காற்றை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கு எடை, ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், அதற்குச் சுமார் 11 கிலோ காற்று தேவை. கொள்ளளவில் பார்த்தால் அது 9,000 லிட்டருக்கும் மேல்!

சூடான காற்று விரியும். விரிந்தால் அதே குழாய்க்குள் குறைந்த எடைதான் புகும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ; 60 டிகிரியில் அது 1.06 கிலோவாகக் குறைந்துவிடும். நூற்றுக்கு ஒன்பது பங்கு போயிற்று. சோற்றுப் பானை அதே அளவுதான். உள்ளே அரிசிதான் குறைவு.

இனி டர்போவுக்கு வருவோம். வெளியே போகும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அந்தச் சுழற்சியால் மறுபக்கத்துச் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும்படி செய்வதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்பிரெட் பியூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். கார்களில் அது முதலில் விற்பனைக்கு வந்தது 1962-ல், அமெரிக்காவில். அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும் என்பதற்கு அதுவே சாட்சி. 30 டிகிரியில் டர்போவுக்குள் போன காற்று, முக்கால் மடங்கு அழுத்தம் கூடி வெளியே வரும்போது ஏறத்தாழ 100 டிகிரியைத் தொட்டுவிடும். உள்ளே போகும்போதே 60 டிகிரி என்றால் வெளியே வருவது 140-ஐ நெருங்கும். அதைக் குளிரவைக்க இன்டர்கூலர் என்ற ஒரு சல்லடைப் பெட்டி உண்டு. ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறதல்லவா? எல்லை மீறினால் பிளக் பொறி மூட்டிய தீ வந்து சேர்வதற்கு முன்பே மிச்சமுள்ள பெட்ரோல் கலவை தானாக வெடிக்கத் தொடங்கும். மருமகன் கேட்ட "டக் டக்" அதுதான். அதைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்காள் கோப்பி கொண்டுவந்து வைத்தார். கேட்காதவர் போல நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு? நாங்க ஏன் இருட்டுலயே எழுந்து மரம் வெட்டப் போனோம்? வெயில் ஏறினா பால் நின்னுபோயிடும். குளிர்ச்சியில இருக்கிற வேகம் வெயில்ல வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்காள் சொன்னது சரி. விடியலில் மரத்தின் பால் நாளங்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடும்போது அழுத்தம் குறைந்து ஓட்டம் தளரும். மரத்துக்குக் காரணம் வேறு, இஞ்சினுக்குக் காரணம் வேறு. ஆனால் குளிர்ந்த வேளையின் அருமையை முப்பத்தொரு ஆண்டு விடியற்காலையில் கற்றவர் அவர்.

அளந்து பார்க்காமல் அறுக்காதே

"முதல்ல பழையபடி மாட்டு. எவ்வளவு சூடுன்னு அளந்து பார்க்காம ஒரு குழாயும் அறுக்கக்கூடாது" என்றேன்.

மீன்தொட்டிக்கு வைக்கும் கம்பி உஷ்ணமானி ஒன்று கடையில் கிடைத்தது. அதன் நுனியை வடிகட்டியின் வாயருகே கட்டி, கம்பியைக் காருக்குள் இழுத்துவிட்டோம். சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பி, சிரம்பான் வழியாகப் பாரோய் போய், புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் ஏறித் திரும்பினோம். வெளியே 32 டிகிரி. பாரோய் சமிக்ஞை விளக்கில் நின்றபோது வடிகட்டியின் வாயில் 58. ஏற்றத்தில் ஓடும்போது 45. இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம்.

அன்று மாலையே வேலை தொடங்கியது. எப்படிச் செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அலுமினியத் தகடு வளைத்து வடிகட்டியைச் சுற்றி ஒரு பெட்டி. இஞ்சின் பக்கமும் டர்போ பக்கமும் சுவர், மேலே மூடி. தகட்டின் விளிம்பில் ரப்பர் பட்டை செருகினால் வெக்கை இடுக்கில் நுழையாது. தகடு அதிர்ந்து சத்தமும் போடாது. பெட்டியைக் காரின் உடம்போடுதான் முடுக்க வேண்டும், இஞ்சினோடு அல்ல. ஏனென்றால் இஞ்சின் தன் தாங்கிகளின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாய். இது அலுமினியம், இரண்டரை அங்குலம். தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாய் மலிவுதான். ஆனால் டர்போவின் பக்கத்தில் அது இளகிவிடும். வெளியிலிருந்து பெட்டிக்குக் காற்று கொண்டுவரும் குளிர்ந்த பகுதிக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினோம். குழாயும் டர்போவும் சேரும் இடத்தில் கெட்டியான சிலிக்கான் ஹோசும் இரண்டு கிளிப்பும். மெல்லிய ஹோஸ் போட்டால் உறிஞ்சும் வேகத்தில் உள்வாங்கிச் சப்பிவிடும்.

மூன்றாவது, சுத்தம். மருமகன் அறுத்த குழாயை அப்படியே மாட்டப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அறுத்த விளிம்பில் ஒட்டியிருக்கும் ஒரு நெல்மணி அளவு அலுமினியப் பிசிறு போதும். லட்சம் சுற்றில் சுழலும் சக்கரத்தின் இறகை அது பெயர்த்துவிடும். அரம் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பார்த்தோம். மூன்றாம் முறைதான் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது.

நான்காவது, இஞ்சினின் உள்ளாவியைக் கொண்டுவரும் சிறு குழாய். பழைய அமைப்பில் அது எங்கே சேர்ந்திருந்ததோ, அங்கேயே புதிய குழாயிலும் ஒரு மூக்கு வைத்துச் சேர்க்க வேண்டும். அதை அடைத்துவிட்டால் இஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி எண்ணெய் கசியும். சில கார்களில் காற்றை அளக்கும் உணரி ஒன்று இந்தப் பாதையிலேயே இருக்கும். அதைத் தாண்டி ஓர் ஊசி முனை இடுக்கு இருந்தாலும் அளக்கப்படாத காற்று புகுந்து, கணக்குத் தப்பிவிடும். அத்தகைய கார் வைத்திருப்பவர்கள் தெரிந்தவரைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம்.

ஆன செலவு மொத்தம் 96 வெள்ளி. கடையில் விற்கும் பளபளப்பான உருப்படியின் விலையைக் கேட்டால் நீங்கள் உட்கார்ந்துவிடுவீர்கள்.

அக்காள் கேட்ட கேள்வி

இரவு ஒன்பது மணி. எல்லாம் முடிந்தது. காற்றுக் குழாயின் வாயை மருமகன் முன் பம்பருக்குக் கீழே, தரைக்கு அருகில் வைத்திருந்தான். அங்கேதான் காற்று நேராக அடிக்கும் என்பது அவன் வாதம். நானும் களைப்பில் தலையாட்டிவிட்டேன்.

அக்காள் கைவிளக்கோடு வந்து குனிந்து பார்த்தார். "இந்த வாய் வழியாத்தானே மூச்சு விடுது?"

"ஆமாம்மா."

"மதகடி ரோட்டுல அடை மழை பேஞ்சா எனக்கு முழங்கால் வரைக்கும் தண்ணி வரும். உன் குழாய் வாய் என் முழங்காலுக்குக் கீழே இருக்கே. அப்போ இது எதைக் குடிக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள நான் அல்லவா இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்?

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. வெள்ளத்தில் ஓடும் காரின் மூச்சுக்குழாய் ஒருமுறை தண்ணீரை இழுத்துவிட்டால், மேலே எழும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் போய் முட்டும். முட்டிய வேகத்தில் பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். சில வேளை உடைந்து இஞ்சினையே பிளக்கும். 2021 டிசம்பர் பெருவெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இஞ்சின் போனால் புதிதாக வாங்கலாம். மழை இருட்டில், நடு வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் கதி? அக்காள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மழை மாலை என்றால் அவருக்கு என்ன நினைவு வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மருமகன் ஒரு வார்த்தை பேசவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழே படுத்தான். குழாயின் வாயை முன்விளக்கின் பக்கத்துக்கு, இடுப்புயரத்துக்கு ஏற்றினோம். மழைச்சாரல் நேராக வடிகட்டியில் அடிக்காதபடி நடுவே ஒரு வளைவு கொடுத்தோம். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டோம். வாய் அடைத்துக்கொண்டாலும் மூச்சு திணறாமல் இருக்க, பெட்டியின் மேற்புறத்தில் சிறியதாக இன்னொரு திறப்பும் வைத்தோம். எல்லாம் முடிந்தபோது மணி பன்னிரண்டு. நேயர்களே, குழாயை எவ்வளவு உயர்த்தினாலும் தண்ணீர் தேங்கிய சாலையில் இறங்காதிருப்பதே புத்தி. அதையும் மறந்துவிடாதீர்கள்.

புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில்

ஞாயிறு மத்தியானம் அதே ஒரு மணி. அதே 32 டிகிரி. நானும் மருமகனும் ஏறியதும் பின்கதவு திறந்தது. அக்காள் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். "அந்த மீன்தொட்டி மிஷினை இப்படிக் கொடு. நான் படிச்சுச் சொல்றேன், நீ எழுது" என்றார். அவர் அந்தக் காரில் ஏறுவது அதுவே முதல் முறை என்று மருமகன் பிறகு சொன்னான்.

மம்பாவ், சிரம்பான், பாரோய். சமிக்ஞை விளக்கில் நின்றோம். "முப்பத்தெட்டு" என்றார் அக்காள். பிறகு மேடு தொடங்கியது. புக்கிட் புத்துஸின் பழைய பாதையை ஓட்டியவர்கள் அந்த வளைவுகளை மறக்கமாட்டார்கள். லாரிகள் முக்கி முனகி ஏறும், பின்னால் வருபவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். இப்போது உயர்பாலத்தோடு அகலப் பாதை வந்துவிட்டது. இரு பக்கமும் பச்சைக் காடு. அங்கே எழுந்து நிற்பது 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலை. "முப்பத்திநாலு... முப்பத்திநாலு..." ஒவ்வொரு முறையும் அதே எண்தான். டக் டக் சத்தமும் இல்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏமாற்ற மாட்டேன். 45 டிகிரி 34 ஆனதால் கூடிய காற்று நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான். நிற்கும்போது ஆறு பங்கு. 64 குதிரையில் கூடியது இரண்டு குதிரை, அவ்வளவே. "பத்துக் குதிரை கூடும், இருபது குதிரை கூடும்" என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான கார்களில் கம்பெனி வைத்த காற்றுப் பெட்டியே வெளிக்காற்றை எடுக்கும்படிதான் அமைந்திருக்கிறது. அதைக் கழற்றி எறிவதுதான் முதல் தவறு. எங்கள் லாபம் அந்த இரண்டு குதிரை அல்ல. வெக்கையில் பிஸ்டன் சாகாமல் காப்பாற்றியதே லாபம்.

மேட்டின் மறுபக்கம் உலு பெண்டுல் ஓடைக்கரையில் நிறுத்தினோம். மருமகன் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் இஞ்சினைச் சும்மா ஓடவிட்டான். டர்போவின் அச்சு சூட்டிலிருக்கும்போது எண்ணெய் ஓட்டத்தை நிறுத்தினால் எண்ணெய் கருகும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் சொல்லித்தந்ததல்ல அது.

ஆணியில்லாத அரண்மனை

கோலப்பிலா பட்டணத்தில் பசியாறிவிட்டு, ஸ்ரீ மெனாந்திக்குத் திருப்பச் சொன்னேன். நெகிரி செம்பிலான் அரச பரம்பரையின் ஊர் அது. அங்கே கறுத்த மரத்தில் நிற்கிறது பழைய அரண்மனை. 1902-ல் தொடங்கி 1908-ல் முடித்த கட்டடம், 99 தூண்கள், இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. மரத்தில் துளை போட்டு, மரத்தையே முளையாகச் செருகிப் பொருத்தியிருக்கிறார்கள். காஹார், தாயிப் என்ற இரண்டு மலாய்த் தச்சர்கள் அதைக் கட்டினார்கள் என்று பெயரோடு சொல்லப்படுகிறது. அரசர் பெயர் நிற்பது வழக்கம். இங்கே ஆசாரி பெயரும் நிற்கிறது.

வெளியே நின்று பார்த்துக்கொண்டே மருமகனிடம் கேட்டேன். "பட்டறையில உனக்கு எத்தனை வருஷம்?"

"ஆறு வருஷம் மாமா. ஆனா கையில பேப்பர் இல்லை. புதுசா வர்ற பையன் சர்ட்டிபிகேட்டோட வந்தா அவனுக்கு என்னைவிட முன்னூறு வெள்ளி கூட."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுடைய மூச்சு முட்டலும் காரின் மூச்சு முட்டல் போலத்தான். திறமை உள்ளே இருக்கிறது, காற்று போகத்தான் வழியில்லை.

நம் நாட்டில் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் திறன் மேம்பாட்டு இலாகா வழங்குவது அது. பயிற்சி நிலையத்தில் சேர்ந்து பெறலாம். வேலையில் பழகியவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பி.பி.டி. என்பார்கள்; முன்பே பெற்ற திறனை அங்கீகரிப்பது என்று பொருள். செய்த வேலைகளின் படங்களையும் குறிப்புகளையும் சான்றுகளையும் ஒரு கோப்பாகத் தொகுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் தன் கைத்திறனைக் காட்ட வேண்டும். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவனுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

"அந்த நோட்டை எடு" என்றேன். ஒரு பக்கத்தில் சனிக்கிழமை எண்கள் என் கையெழுத்தில்; எதிர்ப்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை எண்கள் அவன் கையெழுத்தில். நடுவே பெட்டியின் வரைபடம். "இதுவே உன் கோப்பின் முதல் பக்கம். என்ன கோளாறு, ஏன் வந்தது, எப்படி அளந்தாய், எப்படித் தீர்த்தாய் என்று எல்லாம் இதில் இருக்கிறது. இனி பட்டறையில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் இப்படி எழுதி வை."

அவன் அக்காளைப் பார்த்தான். அக்காள் என்னைப் பார்த்தார். "வித்துடுன்னு சொல்லத்தானே உன்னைக் கூப்பிட்டேன்?" என்றார்.

"சொல்லவா?"

அக்காள் கொஞ்ச நேரம் அந்தக் கறுத்த தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கோப்பு முடியட்டும். பேப்பர் கையில வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றார். பிறகு மகனிடம், "ஆனா மழையில ராத்திரி ஓட்டக்கூடாது" என்றார். அவன் சரி என்றான்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ரந்தாவ் பக்கம் வந்ததும் மருமகன் மதகடிப் பாதைக்குத் திருப்பவில்லை. நான்கு கிலோமீட்டர் சுற்றி மேட்டுப் பாதையில் வந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. பின்னாலிருந்து அக்காளின் குரல் மட்டும் வந்தது: "முப்பது."

நேயர்களே, உங்கள் லயத்திலோ தாமானிலோ இப்படி ஒரு பிள்ளை காரையோ மோட்டார் சைக்கிளையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "உருப்படாதவன்" என்று சொல்வதற்கு முன், ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாங்கிக்கொடுத்துப் பாருங்கள். அவன் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள். யாருக்குத் தெரியும், நீங்கள் கேட்கும் ஒரு கேள்வியில் ஓர் இஞ்சின் பிழைக்கலாம். ஒரு பிள்ளையும் பிழைக்கலாம்.